மூடியில் வாசத்துக்கு ஓட்டை

பீளமேட்டில் ஏறிய தம்பதி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அந்தம்மாள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்குக் காற்று வந்ததே அந்த ஒரு ஜன்னலில்தான்.

"ஏனுங்க, மூடியில ஓட்டையத் தப்பாப் போட்டுப்போட்டீங்க."

"குடிக்கற ஓட்டை சரியாத்தான இருக்குது கண்ணு?"

"அதில்லீங்க. வாசத்துக்குன்னு இந்தச் சின்ன ஓட்டைங்க போட்டீங்கல்ல, அது என்ற மூக்குக்கு நேரா வரோணுமில்லீங்க? ஆவியெல்லாம் உங்க பக்கமாப் போகுது."

"போகட்டும்."

"பட்டறையில அத்தனை மூடியக் கெடுத்துப்போட்டு, கடைசில இப்படியாங்க?"

"வயித்துப்புண்ணுக்குக் காபியே ஆகாதுன்னு டாக்டர் எனக்குத்தான சொன்னாரு? நான் குடிக்கறதில்லைன்னு நீயும் நிறுத்திப்போட்ட. இனி நீ குடி அம்மணி. எனக்கு வாசம் வந்தாப் போதும்."

அந்தம்மாள் எழுந்து, என் காற்றையும் சேர்த்து, ஜன்னல் ஷட்டரை இறக்கினார்.

"ஏன், வெயிலடிக்குதா?"

"இல்லீங்க. காத்துல வாசம் போயிருது."