பெரிய பலகையா, சின்னப் பலகையா

கண்ணுகளா, ரேடியோ ஏன் ரெண்டு நாளாகப் பாடவில்லை என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். முந்தாநாள் சேந்தமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ரெண்டு பேர். ஒருத்தர் கச்சேரிக் குழு நடத்துகிறவர், இன்னொருத்தர் அவரிடம் கிடார் வாசிக்கிறவர்.

"அந்தப் பெரிய பெடல் பலகையில காலு வெச்சா நாளைக்குக் கச்சேரியில நான் செத்துருவனுங்கண்ணா" என்றார் கிடார்காரர்.

"ஏந்தம்பி, அதுலதான ஆறு பெடல் இருக்குது? அமுத்துனா கிடாரு அழுவுது, அலறுது, எதிரொலிக்குது. பேட்டரியில ஓடுற சின்னப் பலகையில ரெண்டுதான். சனம் எந்திரிச்சுப் போயிருமே."

"பெருசு கரண்டுல ஓடுதுங்க. கோயில் மேடையில செருப்புப் போட உட மாட்டாங்க. மஞ்சத்தண்ணி ஊத்தி ஒரே ஈரமா இருக்கும். மைக்செட்காரரு பிளக் இல்லாம வெறும் ஒயரத் தீக்குச்சி வெச்சுச் சொருகுறாரு. போன கோயில் நோம்பிக்கே காலு வெடுக்குனு இழுத்துச்சுங்க."

"பயந்தாங்கொள்ளி! ஆத்தா முன்னால கரண்டு என்ன பண்ணிப்போடும்?"

"அப்ப நீங்க வந்து மிதிங்கண்ணா."

குழுக்காரர் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார்.

"சின்னதையே கொண்டா, தம்பி."

நான் ஊட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். மெயினை அணைத்துவிட்டு, நம் ரேடியோ ஒயரோடு நான் சொருகி வைத்திருந்த ரெண்டு தீக்குச்சிகளையும் பிடுங்கி எறிந்தேன்.