இடப்பக்கம் சாய்ந்த முடிச்சுகள்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டாம். அன்னபூரணி டீச்சரிடம் வேண்டவே வேண்டாம். நாளை மாலை ஆண்டு விழாவில் நான் பேச வேண்டியதை டீச்சர் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டார். அது என் பையில் இருக்கிறது, மனப்பாடமும் ஆகிவிட்டது. இது வேறு பேச்சு. எல்லாரும் தூங்கிய பிறகு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாளை மேடையில் இதையே பேசிவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். துணிவு வராமல் டீச்சர் எழுதியதையே பேசிவிட்டு இறங்கினால், இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

கு. நீலாயதாட்சி, பத்தாம் வகுப்பு.

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் பஞ்சநாதன் ஐயா அவர்களே! எங்களைக் கண்டித்துக் கண்டித்தே கரைசேர்க்கும் தலைமை ஆசிரியை அவர்களே! ஊசியின் காதில் நூலையும், எங்கள் காதில் நல்ல சொல்லையும் ஓயாமல் கோத்துவரும் தையல் ஆசிரியை அன்னபூரணி அம்மையார் அவர்களே! நெரவியிலிருந்தும் அம்பகரத்தூரிலிருந்தும் களத்து வேலையை அரை நாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, உடன் வேலை செய்பவர்களையும் அழைத்துக்கொண்டு, மகள் பேசுவதைக் கேட்க வந்திருக்கும் என் தந்தையே! என் வகுப்புத் தோழி மெஹர் பானு அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தோழிக்கு ஏன் தனியாக ஒரு வணக்கம் என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுத்தால் தெரியும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'இல்லத்தில் மலரும் இன்பங்கள்'. கைவேலைக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற மாணவிதான் இந்தத் தலைப்பில் பேச வேண்டும் என்பது நம் பள்ளி வழக்கம். அந்த மாணவி நான். அடுத்த வாரம் பாண்டிச்சேரியில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு ஆசிரியையோடு மூன்று நாள் போகப் போகிறவளும் நான். இதோ, இந்த மேசையில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு ஒயர் கூடை இருக்கிறதே, அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதியிருப்பதும் என் பெயர்.

அந்தச் சீட்டைப் பற்றிப் பேசுமுன், கோவில்பத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குள் உங்களை அழைத்துப் போக அனுமதி தாருங்கள்.

சின்ன வீடு. சிமெண்டுத் தரை. பின்னால் பாய் விரித்தாற்போல ஒரு கொல்லை. அந்தக் கொல்லையில் ஓர் அவரைக் கொடி. அரிசி கழுவிய தண்ணீரைக் குடித்தே அது வளர்ந்தது. பந்தல் போட மூங்கில் இல்லை. ஆகவே அந்த வீட்டு அம்மா துணி காயப்போடும் கயிற்றில் பாதியை அவரைக்குக் கொடுத்துவிட்டார். பாதிக் கயிற்றில் சட்டை. பாதிக் கயிற்றில் அவரை. சில நாளில் அவரை தன் பாதியைத் தாண்டிவிட்டது. ஒருநாள் அந்த வீட்டு அப்பா அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் பக்கத்து மேசைக்காரர் கேட்டாராம்: "என்ன குஞ்சிதபாதம், இன்னைக்கிப் பையில பூவெல்லாம் வச்சிக்கிட்டு வந்துருக்கீங்க?"

சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும் முன்பே அவர் சத்தம் போட்டார். "ஏன் கமலா, சட்டையக் காயப்போட ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

"எடம் இருந்துச்சிங்க. அவரதான் மொதல்ல வந்து புடிச்சிக்கிச்சி."

(இங்கே சிரிப்பார்கள். அப்பா சிரிப்பாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே பேச வேண்டும்.)

இன்பம் எங்கே இருக்கிறது? கடைத்தெருவில் இருக்கிறதா? கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா? காசு கொடுத்தால் கட்டிக் கொடுக்கிறார்களா? அந்தப் பூவில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவருக்குத்தான் தெரியவில்லை!

அந்த வீட்டு அடுப்படிக்கு வாருங்கள். வீட்டில் நாங்கள் மட்டும் இருக்கும் நாட்களில் அந்த அம்மா சுடும் தோசைக்கு வட்டம் பிசகாது. ஓரம் ஒரு நூல் அளவு கூட இழுக்காது. விருந்தாளி வந்தாலோ தோசை கோணிக்கொள்ளும். ஒருமுறை வந்த ஒருவர் இலையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தோச நாகூரு ரோடு மாரி வளஞ்சி வளஞ்சிப் போவுது?" என்று கேட்டே விட்டார். எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். நானும் அன்று சிரித்தேன்.

விருந்தாளி வந்தால் ஏன் தோசை கோணுகிறது? சிந்தித்துப் பாருங்கள் அவையோரே! மாவு அதே மாவு. கல் அதே கல். கரண்டியும் அதே கரண்டி. மாறுவது எது?

கை மாறுகிறது.

அந்த அம்மாவுக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். சின்ன வயதில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவைத்தார்களாம். கல்யாணமான பிறகும், "நாலு பேரு வந்து போற எடத்துல பீச்சாங்கையால ஊத்துறியே, என்ன நெனப்பாங்க?" என்று கேட்டார்கள். அன்று முதல் வெளியார் எதிரில் அந்தக் கை முந்தானைக்குள் போய்விடும். குங்குமம் எடுக்க வலக்கை. கும்பிட்டு விபூதி வாங்க வலக்கை. யாரும் இல்லாதபோது மட்டும் இடக்கை வெளியே வரும். கோலம் போடும். கொடியைக் கயிற்றில் ஏற்றிவிடும். கூடை பின்னும்.

ஆம், கூடை பின்னும்!

(இங்கே என் குரல் இறங்கிவிடும், கீழேயிருந்து யாராவது கத்துவார்கள்.) "சத்தமாப் பேசு" என்கிறீர்கள். பேசுகிறேன் ஐயா. இதுவரை குரல் இறங்கியதற்குக் காரணம் ஒலிபெருக்கி அல்ல, பயம்.

இந்தப் பச்சை வெள்ளைக் கூடையை நான் பின்னவில்லை. என் தாய் கமலாம்பாள் பின்னினார்.

கண்காட்சிக்கு முதல் நாள் நான் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கைவேலை எதுவும் செய்யவில்லை. காலையில் அவசரமாக, அம்மா காய்கறி போட்டு வைத்திருந்த கூடையைக் கொட்டிக் கவிழ்த்து எடுத்து வந்தேன். வகுப்பில் பலரும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். அக்கா போட்ட பூத்தையல், அத்தை பின்னிய ரிப்பன் மாலை. வருடா வருடம் அப்படித்தான். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. அன்னபூரணி டீச்சர், "நீயே பின்னுனதாடி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை, ஆகவே பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரிசு என்று அறிவித்ததும் எல்லாரும் கூடையைச் சுற்றிக் கூடினார்கள். மெஹர் பானு மட்டும் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் ஒயர் கூடைதான் பின்னியிருந்தாள். ஊதா நிறக் கூடை. அவளே, இரண்டு மாதமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கண்முன் உட்கார்ந்து பின்னியது. அதற்கு இரண்டாம் பரிசு.

"ஏண்டி நீலா," என்று என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "எல்லாருக்கும் முடிச்சி சோத்துக்கைப் பக்கம் சாயும். ஒங் கூடையில இந்தப் பக்கம் சாயிது. நீ சோத்துக்கையாலதானே எழுதுற?"

நான் கூடையை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

"வுடு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"மெஹரு..."

"மொதப் பரிசு வாங்குனா பாண்டிச்சேரி போவலாம்னு வாப்பா கையெழுத்துப் போட்டு வச்சிருந்தாங்க. பரவால்ல. கடிதாசிய மடிச்சி வச்சிக்கிட்டேன், அடுத்த வருசத்துக்கு ஆவும்."

அடுத்த வருடம் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. நாங்கள் பத்தாம் வகுப்பு. அது அவளுக்கும் தெரியும்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவையோரே, குற்றம் செய்தவளுக்குக் காவலாக, நட்டம் அடைந்தவளே நிற்கலாமா?

மறுநாள் மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"நாளைக்கி டீச்சருகிட்ட உண்மையச் சொல்லிடறேம்மா."

"சும்மா கெட. ஒம் பேருல இருந்தா என்ன, எம் பேருல இருந்தா என்ன."

"நீ செஞ்சதும்மா அது."

"அதுக்காவ? அப்பறம் என்னயல்ல மேடைக்கிக் கூப்புடுவாங்க. அவ்வளவு பேருக்கு முன்னாடி நான் எந்தக் கைய நீட்டுறது? ஒங்கப்பா ஆபீசுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்துருக்காரு. அவரு மொகத்துல கரியப் பூசாதடி."

நான் டீச்சரிடம் போகவில்லை. என் அப்பா அடிக்க மாட்டார். கோபம் வந்தால் பேசுவதை நிறுத்திவிடுவார். போன வருடம் பன்னிரண்டு நாள் பேசவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மா பரிமாறும்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு டீச்சர் எழுதிய பேச்சை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தேன். 'கைகள் படைக்கும்போது உள்ளம் உவகையில் துள்ளுகிறது' என்று ஒரு வரி. பத்து முறை படித்தேன். என் உள்ளம் எங்கே துள்ளியது? எனக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியாதே! தோசைக் கல்லைத் தொட்டால் "போய்ப் படி" என்றார்கள். அவரைக்குத் தண்ணீர் ஊற்றினால் "போய்ப் படி" என்றார்கள். படித்தேன். மற்றவர் பெற்ற இன்பத்தை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிக்கும் அளவுக்குப் படித்துவிட்டேன்!

ஆகவே, பின்னத் தொடங்கினேன்.

அம்மா மிச்சம் வைத்த துண்டு ஒயர்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. சிவப்பில் கொஞ்சம், மஞ்சளில் கொஞ்சம், நீலத்தில் கொஞ்சம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அம்மா பின்னும்போது எதிரில் உட்கார்ந்தேன். படிப்பதாக அவர் நினைத்தார். நான் அவர் விரல்களைப் பார்த்தேன். அவர் இடக்கையால் செய்வதை எதிரில் இருந்து பார்த்தால், என் வலக்கை செய்ய வேண்டியது அப்படியே தெரிந்தது, கண்ணாடி பார்ப்பதுபோல. பிறகு அறைக்குள் போய் நானாக முடிந்தேன். அவிழ்ந்தது. மறுபடி முடிந்தேன். அவிழ்ந்தது. விரல்நுனி சிவந்தது. ஒயரை வீசியெறிந்தேன். எழுந்து போய் எடுத்து வந்தேன். நான்காம் நாள் ஒரு முடிச்சு அவிழாமல் நின்றது.

ஒரே ஒரு முடிச்சு. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அன்னையர்களே, உங்களுக்குத் தெரியும். விதைத்த இடத்தில் மண் விரிந்து ஒரு துளிர் தலைகாட்டும் காலை உங்களுக்குத் தெரியும். பொங்கிவரும் பாலை நுனிவிரலால் அடுப்பை அடக்கி நிறுத்தும் நொடி உங்களுக்குத் தெரியும். அதை யாரும் பார்ப்பதில்லை. யாரும் கைதட்டுவதில்லை. ஆனாலும் மறுநாளும் விதைக்கிறீர்கள். மறுநாளும் பொங்க வைக்கிறீர்கள். ஏன் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இதோ, இதுதான் என் கூடை. (இங்கே பையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும்.) மூன்று நிறம். வாய் ஒரு பக்கம் பெரிது. தரையில் வைத்தால் நிற்காது, படுத்துக்கொள்ளும். முடிச்சுகள் வலப்பக்கம் சாய்கின்றன. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இதில் ஒட்டுகிற சீட்டில் என் பெயரை எழுதினால் என் கை கூசாது.

தலைவர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டு. முதல் பரிசும் பாண்டிச்சேரிப் பயணமும் மெஹர் பானுவுக்கு உரியவை. அவள் வாப்பா போட்ட கையெழுத்து இன்னும் காயவில்லை என்று வைத்துக்கொண்டு, அவற்றை அவளுக்குக் கொடுங்கள். எனக்கு என்ன தண்டனையோ அதையும் இந்த மேடையிலேயே சொல்லுங்கள்.

இரண்டாவது, என் தாயைப் பற்றியது. அவர் பெண்கள் வரிசையில், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்காதீர்கள், அவர் விரும்பவில்லை. போட்டி மாணவிகளுக்கு உரியது, ஆகவே பரிசும் வேண்டாம். அப்பா, உங்களை நான் தலைகுனிய வைத்துவிட்டேன். பேசாமல் இருக்க வேண்டும் என்றால் என்னோடு பேசாமல் இருங்கள், அம்மாவோடு வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பெரியோர்களே, நாம் வணக்கம் சொல்லும்போது எத்தனை கைகளைக் குவிக்கிறோம்? வலக்கை மட்டும் வந்தால் அது வணக்கமா? ஆண்டவன் சந்நிதியில் கூட இடக்கையை வெளியே நிற்கச் சொல்லாத நாம், அடுப்படியில் அதை ஒளிந்துகொள்ளச் சொல்லலாமா? அவரைக்குக் கயிறு கொடுத்த கை அது! வட்டமாகத் தோசை வார்த்த கை அது! உங்கள் நடுவர்கள் முதல் என்று தேர்ந்தெடுத்த கூடையைப் பின்னிய கை அது! அந்தக் கையும் சேர்ந்த வணக்கத்தைத்தான் இத்தனை காலம் எல்லாரும் வாங்கிக்கொண்டீர்கள். இன்று ஒரு தடவை, கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து, அதற்குத் திருப்பிச் சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, என் இரண்டு கைகளையும் குவித்து

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அம்மாதான். "நீலா, என்னடி, இன்னும் வெளக்கு எரியிது?" என்கிறார்.

கூடை கட்டிலின் மேல் கிடக்கிறது. டப்பா திறந்திருக்கிறது. பார்த்த உடனே முடிச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். போர்வைக்குள் தள்ளிவிடலாம், நேரம் இருக்கிறது.

தள்ளப் போவதில்லை. கதவைத் திறக்கிறேன்.