மூத்தாள் லேப்டாப்

விளக்கு வைக்கும் நேரம். பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே போகும் மண் ரோடு... ஈ காக்கை கிடையாது. ஸ்கூட்டியில் தனியாக வருகிறாள் கலைமதி. இதோ உங்களோடு உட்கார்ந்து கதை கேட்கிறானே முருகேஷ், அவனுக்குச் சித்தி மகள்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. சிரிக்காதீர்கள், அப்புறம் ஒன்றுக்குப் போகக்கூடத் துணை தேடுவீர்கள்.

தூரத்தில் வீடு தெரிந்தது. பூட்டிய வீடு. புருஷன் பூவரசனுக்கு மாங்கூழ் கம்பெனியில் நைட் ஷிப்ட். மாமியார் கண்ணம்மாள் அரூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆனால் ஜன்னலில் நீல வெளிச்சம்...

கலைமதிக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. மறுபடியும் அவள்!

அவள் என்றால் அன்பரசி. பூவரசனின் மூத்த தாரம், டெங்குக் காய்ச்சலில் போனவள். அவளுடைய லேப்டாப்தான் அது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பாதியில் விட்ட சீட்டாட்டம் திரையில் அப்படியே நிற்கிறது. பூவரசன் அதை அணைக்கவே விடமாட்டான். எப்போதும் சார்ஜரில் கிடக்கும்; மூடினால் தூங்கும், திறந்தால் விட்ட இடத்திலேயே விழிக்கும். ஷிப்ட் முடிந்து வந்தால் அதன் முன்னால்தான் உட்காருவான். கட்டிய பெண்டாட்டி சோற்றுத் தட்டோடு நிற்பாள்... அவன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பான். யாருக்குத்தான் பொறுக்கும்?

கொஞ்ச நாளாக அது தானாகவே விழிக்க ஆரம்பித்தது.

தொழில் தெரிந்தவள் அல்லவா, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மவுஸ் எழுப்பாதபடி நிறுத்தினாள். கீபோர்டை நிறுத்தினாள். வைஃபை, அப்டேட், ஒன்றையும் விடவில்லை. கடைசியாக எது எழுப்பியது என்று அதனிடமே கேட்டாள். மூடி திறக்கப்பட்டது என்று காட்டியது. மூடியை உணரும் காந்தம் கெட்டிருக்கும் என்று நினைத்து, அன்று காலை மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனாள்.

கதவைத் திறந்தாள். வெளிச்சம் இல்லை. விர்ர்ர்... உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும். சந்தனப் பவுடர் வாசனை. கலைமதி பவுடரே பூசமாட்டாள். டேப் ஒட்டியது ஒட்டியபடி, ஒரு சுருக்கம்கூட இல்லை. கிழித்துத் திறந்தாள். மூடி திறக்கப்பட்டது, சற்று முன்னால், என்று காட்டியது. ஆட்டத்தில் ஒரு சீட்டு இடம் மாறியிருந்தது.

கண்ணம்மாளுக்குப் போன் போட்டாள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். இரண்டாம் தாரமாக வருகிறவள் மூத்தாளுக்குப் புடவை வைத்துப் படைத்து, உத்தரவு கேட்டு, அதையே கட்டிக்கொண்டுதான் வாசல் மிதிக்க வேண்டும். கல்யாணத்தன்று கலைமதி முடியவே முடியாது என்றுவிட்டாள்.

“இப்பவாச்சும் ஒரு பொடவ வெச்சுக் கும்புட்டுடு கண்ணு. அப்பறமா அந்த லேப்டாப்ப நிறுத்திக்க.”

“செத்தவகிட்ட நான் எதுக்குங்க அத்த உத்தரவு கேக்கணும்? அவரு என் புருசன்.”

போனை வைத்தாள். பவர் பட்டனை அழுத்தினாள், விரலை எடுக்கவே இல்லை. விர்ர்... நின்றது. திரை கறுத்தது. சீட்டாட்டம் போயே போயிற்று. அப்பாடா! இந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதே இல்லை.

விடிந்ததும் பூவரசன் வந்தான். அணைந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தான். கத்தப் போகிறான் என்று நினைத்தாள். அவன் நேராக அடுப்படிக்கு வந்தான், அவள் எதிரில் உட்கார்ந்தான். அவளையே பார்த்தான்... கண் எடுக்காமல். அவள் போட்ட தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கலைமதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. அவளைப் பெற்ற முனியம்மாள். அம்மா, அவரு இனிமே எனக்குத்தான்... சொல்லத்தான் ஆசையாக வாயைத் திறந்தாள். குரல் வந்தது. அவள் குரலேதான், ஆனால் மூச்சில் சந்தனப் பவுடர் வாசனை.

“கலை தூங்கறாளுங்க. எழுப்ப வேணாம்.”