மாத்திரை வந்த பிறகு

அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள், "அந்த மாத்திரையைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம், மதினி" என்றாள்.

"சீனி வியாதிக்கு ஊசி போயி மாத்திரை வந்திருக்குன்னு எல்லாரும் சந்தோசப்படுறாக. உனக்கு என்ன வந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெனமும் காலையில நாந்தானே ஊசி போடுவேன். கம்பவுண்டரு கத்துக்குடுத்தாரு. ஊசியைத் தண்ணியில கொதிக்கவச்சு எடுத்து, அது ஆறுற வரைக்கும் அடுப்படியில என் பக்கத்துல உக்காந்திருப்பாக. அச்சாபீஸ்ல நடந்தது, ஆர்டர் வந்தது எல்லாம் சொல்லுவாக. கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல, அந்த மூணு வருசந்தான் என்கூட உக்காந்து பேசினாக."

"இப்ப?"

"மதுரை டாக்டரு மாத்திரைக்கு மாத்திட்டாரு. வாயில போட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டு, செருப்பை மாட்டிக் கெளம்பிருறாக."

"அவுககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்ல? நீங்க வலியில இருந்தாத்தான் எனக்கு நல்லா இருக்குன்னா?"

மதினி, "ஊசி நிக்கணும்னு மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டது நீதானே. இப்பக் கோயிலுக்குப் போயி என்னன்னு கும்பிடப்போற?" என்று கேட்டாள்.

இளையவள் வெளியே கரிசல் காட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவுக ஒடம்பு இப்படியே நல்லா இருக்கணும்னுதான், மதினி. ஊசியைத் திருப்பிக் குடுன்னு ஆத்தாகிட்டக் கேக்க முடியுமா?"