ஏழாவது வரியில் ஒரு டிக்

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, அண்ணன் ஏறிய ஏணியைக் கீழே நின்று பிடித்த தோழர்களே, அவர் மாட்டிய பெட்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகங்களிலிருந்து வந்திருக்கும் வாடிக்கையாளர்களே, முன்வரிசையில் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணியாரே, அவர்கள் பெற்ற ஒரே மகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் விற்பனைப் பிரிவுக்காரன். இருபத்திரண்டு ஆண்டு அவரைத் தெரியும் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். சற்று முன் வாசலில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, அப்பாவைப் பத்தி எது வேணா பேசுங்க. அந்த ஒரு தப்பைப் பத்தி மட்டும் பேசிடாதீங்க. அம்மா தாங்க மாட்டாங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

யார் போய்விட்டார்? நம் அறிவிப்புப் பலகையில் "ஸ்டோர் பொறுப்பாளர் மறைவு" என்று எழுதியிருக்கிறது. அவரா ஸ்டோர் பொறுப்பாளர்? முந்நூறு அலுவலகங்களில் வாய்ஸ் மெயில் பெட்டியைச் சுவரில் ஏற்றியவர்! யாரும் எடுக்காத அழைப்பை வாங்கி, அழைத்தவரின் குரலைப் பதிந்து வைத்துக் கொடுக்கும் அந்தப் பெட்டியை, பெற்ற பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதுபோல ஆயிரம் விசாரித்துவிட்டு விட்டு வந்தவர்! எங்கள் லிஸ்ட் அண்ணன்!

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். அவரிடம் ஒரு தாள் உண்டு. பன்னிரண்டு நிபந்தனை. அந்த அலுவலகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான்கு எக்ஸ்டென்ஷன் இணைப்பு காலியாக இருக்க வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடக் கூடாது. காற்று வர வேண்டும். பன்னிரண்டுக்கும் டிக் விழாமல் பெட்டி வண்டியைவிட்டு இறங்காது. நான் பேசிப் பேசி ஆர்டர் பிடித்து வருவேன். இவர் அந்த அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "எனக்கு வேர்த்தா பெட்டிக்கும் வேர்க்கும்யா" என்பார்.

ஒரு முதலாளி மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கும் பொந்தைக் காட்டினார். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "சார், உங்க நாற்காலிய ஒரே ஒரு நாள் இங்க போட்டு உக்காருங்க. நாளைக்கே பெட்டியோட வர்றேன்." ஆர்டர் போய்விட்டது என்று நான் தலையில் கை வைத்தேன். முதலாளி சிரித்துவிட்டு, தன் அறைக்குப் பக்கத்து அறையையே ஒழித்துக் கொடுத்தார். நான் அவசரப்படும்போதெல்லாம், "அவசரத்துல அண்டாக்குள்ளகூட கை நுழையாது, தம்பி" என்பார். எத்தனை முறை சொன்னார்! நான் ஒரு முறையாவது கேட்டேனா?

இனி அந்தத் தவறுக்கு வருகிறேன்.

மூச்சுத் திணறும் நோயாளிகளுக்கு வீட்டுக்கே ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் ஒரு நிறுவனம். அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் வரும் அழைப்புகளை வாய்ஸ் மெயில் வாங்கும். வீட்டிலிருக்கும் பொறுப்பாளர் மணிக்கொரு முறை போன் செய்து கேட்டுக்கொள்வார். நாலு மாதம் நன்றாக ஓடியது. பிறகு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. கடைசியாக வீட்டுக்குப் போனவர், பொறுப்பாகத்தான், அறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். பெட்டி சில மணி நேரம் யு.பி.எஸ். பேட்டரியில் ஓடி நின்றுவிட்டது. மறுநாள் காலை ஒரு அம்மா, கணவருக்கு சிலிண்டர் தீரப் போகிறது என்று ஒன்பது முறை அழைத்திருக்கிறார். ஒன்பது முறையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொறுப்பாளர் போன் செய்தபோதும் அதேபோல மணி மட்டும் அடித்தது. லைன் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டார். அந்த மனிதர் ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். பழைய உடம்பு திரும்பவில்லை.

லிஸ்டில் ஏழாவது வரி என்ன? அறை மெயினை அணைத்தாலும் பெட்டியின் பிளக் பாயின்டில் மின்சாரம் இருக்க வேண்டும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. விசாரணையில் கேட்டார்கள்: "ஏழாவது நிபந்தனையைச் சரிபார்த்தது யார்?" அண்ணன் சொன்னார்: "பெட்டிய மாட்டினவன் நான். பொறுப்பும் என்னோடதுதான்." தாளைக் கேட்டார்கள். "தொலைஞ்சு போச்சு" என்றார். ஒரு ரசீதைக்கூடத் தொலைக்காத மனிதர்! அன்றோடு அவர் கையிலிருந்து டெஸ்டர் போயிற்று. பதினொரு வருடம், சாகும்வரை, நட்டும் திருகாணியும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

தாள் தொலையவில்லை. போன வாரம் அவர் மகள், "ஆபீஸ் பேப்பர் போல இருக்கு, சித்தப்பா" என்று ஒரு கோப்பைக் கொடுத்தாள். அதற்குள் இருந்தது. இதோ, என் கையில் இருக்கிறது. ஏழாவது வரியில் ஒரு டிக். பக்கத்தில் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து என்னுடையது.

உட்காருங்கள், தயவுசெய்து. முடித்துவிடுகிறேன். அன்று ஏழாவதைப் பார்த்துவிட்டு வரும்படி அண்ணன் என்னை முன்னால் அனுப்பினார். போனேன். உள்ளே எல்லோரும் கம்ப்யூட்டரில் வேலையாக இருந்தார்கள். மெயினை அணைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்களே என்று கூச்சப்பட்டேன். புது பாயின்ட்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று டிக் போட்டேன். "ஏழு பாத்தியா?" என்று கேட்டார். "பாத்துட்டேன் அண்ணே" என்றேன். என்னை நம்பினார். வாழ்க்கையில் அவர் சரிபார்க்காமல் நம்பியது அந்த ஒரு டிக்கைத்தான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவம் என்னுடையது. விசாரணை முடிந்த சாயங்காலம் ஸ்டோருக்குப் போய், "ஏன் அண்ணே?" என்று கேட்டேன். "உனக்குப் புள்ள பொறந்து பத்து நாள்தான் ஆகுது. இப்ப உன் வேலை போனா என்ன பண்ணுவே? எப்ப சொல்ல முடியுதோ, அப்ப நீயே சொல்லு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு நாள், ஒரு ஜாடை, ஒரு பார்வையிலாவது கேட்டாரா? கேட்கவில்லை. நான் மேலாளர் ஆனேன். ஸ்டோர் ஜன்னலில் கையெழுத்துப் போட்டு ஒயர் வாங்கும்போதெல்லாம் குனிந்தபடியே வாங்கினேன். பிள்ளை நடந்தான், பள்ளிக்குப் போனான், இப்போது ஆறாம் வகுப்பு. இன்னும் எதற்காகக் காத்திருந்தேன்? எனக்கே தெரியவில்லை.

அண்ணி, உங்கள் கணவர் தவறு செய்யவில்லை. மகளே, உன் அப்பா தவறு செய்யவில்லை. இதைக் கேட்டுத்தான் நீங்கள் இருவரும் தலை நிமிர வேண்டும் என்ற நிலைக்கு உங்களைக் கொண்டுவந்தவன் நான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது நம் வழக்கம். தோழர்களே, அதை நீங்கள் சொல்லுங்கள். மெயினை அணைத்துப் பார்க்காமல் யாரும் டிக் போட மாட்டோம் என்று நீங்கள் சொல்லுங்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என்னால் முடிந்தது இதுதான்: நடந்ததை எழுதி இன்று காலை தலைவரிடம் கொடுத்தேன். அறிவிப்புப் பலகையில் அண்ணனின் பழைய பதவியை எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். ஆக்சிஜன் தீர்ந்துபோன அந்த வீட்டுக்கு நாளை போகிறேன். இந்தத் தாளை இப்போது அண்ணியிடம் கொடுக்கப் போகிறேன். வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

அண்ணே, சொல்லிட்டேன். நீங்க இருக்கும்போது சொல்லியிருக்கணும்.