நனைக்காத பாவாடை

— அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டியாடி, ஸெலி?

— போட்டாச்சு லெயோகாதி அக்கா. "தீப்பிடிக்காம இருக்கப் படிகாரத் தண்ணியில நனைச்ச பாவாடை எனக்கு வேண்டாம், தீப்பிடிச்சா நானே பொறுப்பு"ன்னு. டைரக்டர் ஐயாவே வந்து வாங்கிட்டுப் போனார்.

— வாங்காம என்ன? அவரா எரியப் போறாரு?

— ஆரம்பிச்சுட்டீங்களா! நீங்க கட்டியிருக்கிறதப் பாருங்க. விறைப்பா, மஞ்சளா, பழைய ஜன்னல் திரை மாதிரி. ஏரியிலேர்ந்து எழுந்து வர்ற ஆவி இப்படியா இருக்கும்?

— வரிசையில நிக்கிற நாங்க இருபத்து நாலு பேரும் ஆவிதான், மகாராணி. எங்களுக்கு இதுதான் உத்தரவு. வேண்டாம்னு சொல்ற உரிமை தனியா ஆடறவளுக்கு மட்டும்தான்.

— அதுக்குத்தானேக்கா ஆறு வருஷம் உங்க பக்கத்துல நின்னேன்! இன்னிக்குத்தான் பாரிஸ் என்னைத் தனியாப் பார்க்கப் போகுது. துணி மிதக்கலைன்னா நாளைக்கே திரும்ப வரிசைக்குத் தள்ளிடுவாங்க.

— வரிசையில உயிரோட இருப்ப.

— எனக்கு முன்னாடி இதை ஆடின அர்மாந்த் பயந்தாங்களா?

— அவ பேரை எடுக்காத.

— ஏன்? ஊரே சொல்லுதே. மேடையோரத்துக் காஸ் விளக்குல பாவாடை பட்டு எரிஞ்சு செத்தாங்க, ஆனா ஒரு நாளும் பயந்ததில்லன்னு.

— நீ அன்னிக்குக் காய்ச்சல்ல கிடந்த. அவ எரிஞ்சுக்கிட்டே மேடையை மூணு சுத்து ஓடினா. எங்களைப் பார்த்துத்தான் ஓடி வந்தா. நாங்க கையைக் குறுக்கே வச்சு, தலையைச் சாய்ச்சுக்கிட்டு அப்படியே நின்னோம். வரிசை கலையக் கூடாதே! இன்னமும் ரெண்டாம் அங்கத்துல தலையைச் சாய்ச்சா கழுத்துல சூடு அடிக்குது. இருபத்து நாலு பேரும் ஒண்ணா மூச்சு விடறப்போ, பின்னாடி இன்னொருத்தி பிந்தி மூச்சு விடறா.

— சும்மா இருங்கக்கா. மேடைக்குப் போற நேரத்துல இதையா சொல்றது?

— இப்பத்தான் சொல்லணும். இந்தா, என்னோடத அவுத்துட்டேன். இதைக் கட்டிக்கிட்டுப் போ.

— ஐயோ, மணி அடிச்சாச்சு! நீங்க எதைக் கட்டுவீங்க? உங்க இடம் காலியாத் தெரியுமே! வேலையை விட்டே தூக்கிடுவாங்க.

— தூக்கட்டும்.

— எனக்குப் புரியுது. பொறாமை உங்களுக்கு. என்னையும் உங்கள மாதிரி மஞ்சளாக்கிப் பார்க்கணும். அர்மாந்த் சிரிச்சுக்கிட்டே மேடைக்குப் போனாங்களாம். அந்தத் தைரியத்துல பாதியாவது எனக்கு இருக்கக் கூடாதா?

— அவ சிரிக்கலடி. மணி அடிச்சப்புறம் ஓடி வந்து, "லெயோகாதி, உன் பாவாடையைக் கழட்டிக் குடுடி, எனக்குப் பயமாயிருக்கு"ன்னு என் கையைப் பிடிச்சா. பன்னெண்டு வருஷம் அவ முதுகையே பார்த்துக்கிட்டு நின்னவ நான். அவ கெஞ்சறதைக் கேக்க நல்லா இருந்துச்சு. நான் குடுக்கல.