ஒரு மூட்டைக் கடற்கரை

பாக்கியவதி: ...இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடியே உக்காந்திருக்கணும்?

நார்மன்: சூரியன் அந்தக் குன்றுக்கு மேல வரட்டும். கொஞ்சம் சிரி.

பாக்கியவதி: பல்லு தந்தியடிக்குது. சிரிச்சா சத்தம் கேக்கும்.

நார்மன்: படத்துல சத்தம் கேக்காதுல்லா. தோளைக் குறுக்காத பாக்கியம். உனக்கு இப்ப வெயில் கொளுத்துது. அத மனசுல வச்சுக்க.

பாக்கியவதி: ஜனவரி மாசம், விடிஞ்சும் விடியாம, கடக்வாஸ்லா அணைத் தண்ணிக்குள்ள காலை விட்டுட்டு, மெல்லிசான வாயில் துணிப் புடவையோட... எனக்கு வெயில் கொளுத்துது. சரி.

நார்மன்: அணைன்னு சொல்லாத. கடல்.

பாக்கியவதி: கடல்னா அலை எங்க?

நார்மன்: கேமரா பட்டனை அமுக்குறதுக்கு முன்ன தண்ணியில ஒரு கல்லை எறிஞ்சுக்கிடுவேன்.

பாக்கியவதி: மணல்?

நார்மன்: நீ உக்காந்திருக்கது எதுலயாம்?

பாக்கியவதி: ஒரு மூட்டை. ஔந்த்ல யாரோ வீடு கட்டுத இடத்துல கேட்டு வாங்கினது. அத ஸ்கூட்டர்ல என் மடியில வச்சுக் கொண்டாந்தீங்க. டெக்கான் சிக்னல்ல அந்தப் போலீஸ்காரர் மூட்டையில என்னன்னு கேட்டப்போ...

நார்மன்: பீச்னு சொன்னேன். உண்மையத்தானே சொன்னேன்.

பாக்கியவதி: என்னைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. இந்தாளோட எப்பிடிம்மா குடும்பம் நடத்துதங்கிற மாதிரி.

நார்மன்: அவரு கெடக்காரு. எனக்கும் ஆசை இருக்காதா? வாரவன் எல்லாம் என்கிட்ட மலைப் படந்தான் கேக்கான். பனியில சிங்ககட், மழையில பீமாசங்கர்... ஒருத்தனாவது கடலைக் கேக்கானா? சுடுத மணல்ல வெறுங்காலோட நின்னு, சட்டையெல்லாம் வேர்த்து, ஒரே ஒரு ரோல் பிலிம் எடுக்கணும். இந்த விரலப் பாரு. மரக்கட்டை. வாயில வச்சு ஊதுனாத்தான் மடங்குது.

பாக்கியவதி: அப்ப பேசாம போர்வைக்குள்ள கெடந்திருக்கலாம்லா.

நார்மன்: ஆர்டர்னு வந்துட்டா என்ன செய்ய?

பாக்கியவதி: ஆமாமா, ஆர்டர்... ராமநாதன் சாரோட காலண்டர் கம்பெனிக்குத்தானே?

நார்மன்: ம்... அவருக்குத்தான்.

பாக்கியவதி: என்ன வேணும்னாரு? இன்னொரு தடவ சொல்லுங்க.

நார்மன்: எத்தன தடவ சொல்ல? அடுத்த வருஷக் காலண்டர்ல மே மாசத்துக்கு ஒரு கடற்கரை. அதுல ஒரு பொம்பளை உக்காந்து கடலப் பாக்கணும். சின்னப் பொண்ணு வேண்டாமாம். குடும்பப் பாங்கா, சாந்தமா...

பாக்கியவதி: சாந்தமாவா? ராமநாதன் சார் வாயில அந்த வார்த்தை வந்துச்சா?

நார்மன்: வந்துச்சு. மூஞ்சிய அந்தப் பக்கம் வை.

பாக்கியவதி: அடுத்த வருஷ மே மாசத்துக்கு இந்த ஜனவரியில என்ன இவ்வளவு அவசரம்? ஆற அமரக் கோவாவுக்குப் போயி எடுக்கலாமே.

நார்மன்: அது... பிரெஸ்ல அவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். ஏளா, நீ மாடல். மாடல் கேள்வி கேக்கக் கூடாது.

பாக்கியவதி: சரி கேக்கல. ஆனா உங்க கடலுக்குள்ள ஒரு எருமை இறங்குது.

நார்மன்: எங்க?

பாக்கியவதி: எனக்கு வலது பக்கம். பின்னால இன்னும் ரெண்டு வருது.

நார்மன்: ஐயோ... ஹே, ஹட், ஹட்... போ அங்கிட்டு...

பாக்கியவதி: இருக்கட்டும் விடுங்க. அதுகளும் குடும்பப் பாங்காத்தான் இருக்கு.

டீக்காரர்: சாப், ஷூட்டிங் ஹை க்யா?

நார்மன்: நஹி பையா... ஆமா, ஹாங், ஷூட்டிங். தோடா ஹட்டோ, ஃப்ரேம்ல நிக்கீங்க.

டீக்காரர்: ஹீரோயின் கோ சாய் தூ?

பாக்கியவதி: கேட்டீங்களா? ஹீரோயினுக்கு டீ தரவாங்காரு. தோ பையா, தோ. ஜல்தி. அத்ரக் டால்கே.

நார்மன்: டீயெல்லாம் பொறவு. கடற்கரையில எவ இஞ்சி டீ குடிக்கா?

பாக்கியவதி: குளிர்ல செத்த ஹீரோயின் குடிப்பா. இங்க கொண்டாங்க பையா... ஆ... இப்பத்தான் உசுரு வருது. நீங்களும் கிளாஸப் பிடிங்க. விரலு மடங்கும்.

நார்மன்: ...நல்லாத்தான் இருக்கு.

பாக்கியவதி: எது, டீயா, ஹீரோயினா?

நார்மன்: அசையாத. அப்பிடியே இரு. வெயில் வந்துட்டு.

பாக்கியவதி: கிளாஸ் கையில இருக்கே.

நார்மன்: இருக்கட்டும். முடியச் சரி பண்ணாத. விடு அத... ம்... இன்னொண்ணு. என்னையப் பாரு.

பாக்கியவதி: கடலப் பாக்கணும்னுல்லா சொன்னாரு உங்க ராமநாதன் சார்?

நார்மன்: இது எக்ஸ்ட்ரா. பேசு, எதையாவது பேசிக்கிட்டே இரு.

பாக்கியவதி: என்னத்தப் பேச... கல்லு எறியல நீங்க.

நார்மன்: வேண்டாம்.

பாக்கியவதி: இப்ப எதுக்குக் கிட்ட வாறீங்க? இவ்வளவு கிட்ட வந்தா கடல் எங்க தெரியும்? நான் சுமந்துட்டு வந்த மணலும் தெரியாது.

நார்மன்: ரோலை மாத்திக்கிடுதேன், இரு.

பாக்கியவதி: ஒரு ரோல் முடிஞ்சிட்டா? மலைன்னா ஒரு நாளைக்கு நாலு படத்துக்கு மேல எடுக்க மாட்டீங்க, பிலிம் வீண்னு. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், என்னையும் ஒண்ணு எடுங்கன்னு. ஆளு வந்து நின்னா மலை சின்னதாயிரும்னு சொல்லுவீங்க.

நார்மன்: சொன்னேன்தான்.

பாக்கியவதி: மகாபலேஷ்வர்ல கேமரா ஸ்டாண்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். நெழலு விழுது, தள்ளி நில்லுன்னீங்க.

நார்மன்: ஞாபகம் இருக்கு... பாக்கியம், ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கக் கூடாது.

பாக்கியவதி: கால் வெறச்சுப் போச்சு. கோவம் எங்கருந்து வர? சொல்லுங்க.

நார்மன்: ராமநாதன் சார் எந்தப் பொம்பளையையும் கேக்கல.

பாக்கியவதி: ம்.

நார்மன்: ஆர்டரே கெடையாது. அடுத்த வருஷக் காலண்டரப் பத்தி அவரு இன்னும் என்கிட்ட வாயே தெறக்கல.

பாக்கியவதி: ம்.

நார்மன்: என்ன, ம்? போன வாரம் நீ மாடியில துணி காயப்போட்டுட்டு வெயில்ல கண்ணைச் சுருக்கிட்டு நின்ன. அப்பத்தான் தோணிச்சு. இவள எடுக்காம இத்தன வருஷம் பாறையை எடுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கமேன்னு. வெயிலும் கடலுமா ஒரு நல்ல படம்... ஆனா நேரா வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. நீ சிரிச்சே விரட்டிருவ. அதான் ஆர்டர்னு ஒரு பொய்.

பாக்கியவதி: தெரியும்.

நார்மன்: தெரியுமா? எப்பிடி?

பாக்கியவதி: மொதல்ல அந்த ஸ்வெட்டரக் குடுங்க.

நார்மன்: இந்தா. சொல்லு, எப்பிடித் தெரியும்? தெரிஞ்சுக்கிட்டேயா மூட்டையச் சுமந்த?

பாக்கியவதி: செவ்வாய்க்கிழமை நீங்க பால் வாங்கப் போயிருந்தப்போ ராமநாதன் சார் போன் பண்ணாரு. கடற்கரையில பொம்பளை படம் கேட்டீங்களாமேன்னு கேட்டேன். நான் எப்பம்மா கேட்டேன்னு சிரிக்காரு.

நார்மன்: போச்சு. அவருக்கும் தெரிஞ்சு போச்சா? சரி, அவரு எதுக்குப் போன் பண்ணாராம்?

பாக்கியவதி: அடுத்த வருஷக் காலண்டர் பூராவும் கடல்தானாம், ரத்னகிரியிலருந்து கோவா வரைக்கும், வார திங்கக்கிழமையே கெளம்பணுமாம். அத அன்னைக்கே சொல்லியிருந்தா நீங்க கேமராவத் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருப்பீங்க, என்னைய இப்பிடி உக்கார வச்சு யாரு படம் பிடிப்பா... அதான் மறைச்சேன். அவருகிட்ட சரின்னு சொல்லியாச்சு, ரெண்டு பேரா வாரோம்னும் சொல்லியாச்சு, ஸ்கூல்ல என் கிளாஸ இன்னொரு டீச்சர்கிட்ட ஒப்படைச்சு லீவும் போட்டாச்சு. போதுமா?